கடைசியாக ஏறிய சைக்கிள்

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் லீவு கேட்டுக் கெட்டேன்.

அக்கரையில் புதிதாகக் கட்டிய பேருந்து நிலையத்தில் ஒரே ஒரு கடை பாக்கி இருந்தது. வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, அசல் சான்றிதழ்களோடு அங்குள்ள அலுவலகத்துக்கு நேரில் வந்து வரிசையில் முதலில் நிற்பவருக்கே அது என்று அறிவிப்பு. அந்தக் காகிதத்தைக் கொண்டுபோய், பதினொரு வருஷமாக நான் வேலை பார்த்த தையல் கடையின் முதலாளியிடமே நீட்டினேன்.

"வியாழக்கிழமை மட்டும் லீவு வேணும் முதலாளி. நானே ஒரு கடை போடலாம்னு இருக்கேன்."

அவர் இரண்டு தடவை படித்தார். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாரா? தன் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் செருகிக்கொண்டார்.

"உனக்கெதுக்கும்மா இந்தத் தலைவலி? நானே அங்க ஒரு கிளை போடுறேன். இங்க தைக்கிற மாதிரி அங்க உக்காந்து தை."

வீட்டுக்கு வந்து பாத்திரங்களை உருட்டினேன். என் வீட்டுக்காரர் கணக்காகப் பேசுகிற மனிதர். "படகுத்துறையில இருந்து அந்த ஆபீஸ் மூணு கிலோமீட்டர். மினி பஸ் ஆள் நிறையாம நகராது. அவர்கிட்ட கார் இருக்கு. உன்கிட்ட என்ன இருக்கு?"

"வாய் இருக்கு" என்றேன்.

"என் சைக்கிள் இருக்கும்மா" என்றாள் எட்டாவது படிக்கும் மகள். "முன் பிரேக்கை மட்டும் பிடிச்சிடாதே. குப்புற விழுவ."

வியாழக்கிழமை காலை அவசரத்தில் கழுத்தில் கிடந்த அளவு நாடாவைக்கூடக் கழற்றவில்லை. படகுத்துறைக்குப் போனால், வழக்கமான பெரிய படகு பழுதாம். அதற்குப் பதிலாக ஒரு பழைய, குட்டையான படகு நின்றது. டிக்கெட் கொடுப்பவர் என்னையும் சைக்கிளையும் பார்த்தார். "ஆளுக்கு ஒண்ணு, சைக்கிளுக்கு ஒண்ணு. சைக்கிளோட பயணிகள் படியில ஏறக்கூடாது. வண்டி வாசல் வழியா உருட்டிக்கிட்டுப் போங்க. எல்லா வண்டியும் ஏறின பிறகுதான்."

வண்டி வரிசையின் தலையில் முதலாளியின் கார். கண்ணாடி இறங்கியது.

"என்னம்மா, தையல் மிஷினைக் கழட்டி சக்கரம் போட்டுட்டியா?" சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொண்டார். "முதல்ல ஏறினவன் முதல்ல இறங்குவான். நீ மெதுவா வா."

எனக்குக் கோபம் உச்சியில் ஏறியது. அவர் சொன்னதில் தப்பும் இல்லையே! பெரிய படகில் இந்தப் பக்கம் ஏறி அந்தப் பக்கம் இறங்குவோம். முன்னால் நின்றவன் முன்னால் போவான். வாயில் விசிலோடு வண்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தவரிடம் ஓடினேன்.

"அண்ணே, சைக்கிளுக்கு எவ்வளவு இடம் வேணும்? முன்னாடி ஒரு ஓரமா நிறுத்திக்கிறேண்ணே!"

"லாரிக்கு நடுவுல மாட்டினா தட்டையாயிடுவீங்கம்மா. கடைசில வாங்க."

கெஞ்சினேன், கத்தினேன். அவர் விசிலையே பதிலாக ஊதினார். கார் போய் உள்ளே சுவரோடு ஒட்டி நின்றது. அதன் பின்னாலும் பக்கத்திலும் ஐந்து லாரிகள், ஒரு வேன். மிச்சமிருந்த முழ இடத்தில் நான். என் பின்சக்கரத்தை உரசிக்கொண்டு இரும்புப் பலகை மேலே எழும்பி மூடியது. அழுதேன். எனக்குக் கோபம் வந்தால் முதலில் கண்ணீர்தான் வரும், சனியன்.

படகு பின்னால் நகர்ந்து, மெல்லத் திரும்பி, அக்கரையைப் பார்த்துக் கிளம்பியது. மூக்கைத் துடைத்துக்கொண்டு விசில்காரரிடம் கேட்டேன். "இறங்கறப்போ அந்தக் கோடிக்கு நான் எப்படிப் போறது?"

"எந்தக் கோடிக்கு? இதுக்கு ஒரே வாசல்தாம்மா. ஏறின வழியிலயே இறங்கணும்." பிறகு அவர் பாட்டுக்குப் புலம்பினார். "லாரி ஒவ்வொண்ணா ரிவர்ஸ்ல போகும். அரை மணி நேரம் என் உசிரை வாங்கிடுவானுங்க."

நான் மூடியிருந்த பலகையைப் பார்த்தேன். கடைசிக் கோடியில் இருந்த காரைப் பார்த்தேன். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"இப்பதானேம்மா அழுதீங்க?"

"இப்பதானேண்ணே சொன்னீங்க!"

கரை தட்டும்போது முதலாளிக்கும் விஷயம் விளங்கியிருக்க வேண்டும். ஹாரன் அலறியது. லாரிகள் நெருக்கியதில் கார்க் கதவு திறக்கவில்லை. சந்து வழியே ஒரு கை மட்டும் ஆடியது தெரிந்தது.

"வழி விடச் சொல்லுய்யா! அவசரம்!"

"பறக்குற கார்னா பறந்து வாங்க சார்" என்றார் விசில்காரர்.

"ஏம்மா! கொஞ்சம் இரும்மா! சேர்ந்தே போலாம்!"

பதினொரு வருஷத்தில் அவர் என்னைக் கெஞ்சியது அதுதான் முதல் தடவை. கேட்கச் சுகமாகத்தான் இருந்தது. ஆனால் பலகை இறங்கிவிட்டதே!

உருட்டிக்கொண்டு இறங்கி, ஏறி மிதித்தேன். மகளின் சைக்கிள், முழங்கால் ஹேண்டிலில் இடித்தது. மேட்டில் நெஞ்சு அடைத்தது. இறக்கத்தில் பின் பிரேக்கை மட்டும் பிடித்தேன். ஆள் நிறையாத மினி பஸ் ஒன்று நின்றுகொண்டிருந்தது. அதற்கு மணியடித்துவிட்டுப் போனேன்.

அலுவலகத்தில் வரிசை என்று ஒன்றும் இல்லை. வரிசையே நான்தான். பத்து மணிக்கு ஜன்னல் திறந்தது. உள்ளே இருந்தவர் என் வியர்வையையும் கழுத்தில் தொங்கிய நாடாவையும் பார்த்தார்.

"வேலை செய்றவங்களை அனுப்பினா செல்லாதும்மா. ஓனர் நேர்ல வரணும்."

"வந்தாச்சு சார்" என்றேன். "மூச்சு வாங்குது, அதான் உடனே சொல்ல முடியலை."

அவர் காகிதங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு முத்திரையை ஓங்கிக் குத்தினார். சாவியோடு நான் திரும்பும்போது முதலாளி சட்டையெல்லாம் நனைந்து படியேறிக்கொண்டிருந்தார். என் கையைப் பார்த்ததும் அப்படியே நின்றார்.

"எப்படிம்மா எனக்கு முன்னாடி...?"

"கடைசில ஏறினேன் சார்."

சார் என்றுதான் வந்தது. முதலாளி என்ற சொல்லை நான் தேடவும் இல்லை.

என் கடையின் ஷட்டர் பாதியில் மாட்டியது. தோளைக் கொடுத்துத் தூக்கினேன். உள்ளே சிமெண்டு வாசனை, ஒரு பல்பு, நான்கு சுவர். முதலில் சைக்கிளை உருட்டி உள்ளே விட்டேன். வாசல் பக்கம் திரும்பி, ஆள் இல்லாத கடையில் மணியைக் கிணுகிணுவென்று அடித்தேன்.

கேட்டது ஒரு நாள் லீவு. வெள்ளிக்கிழமையிலிருந்து லீவு கேட்க எனக்கு மேலே ஆளில்லை.