இலைக்குள் இருந்த பிள்ளை

ஆக்ஸ்பர்க் நகரில் என் மனைவி யூதித் செம்புத் தகட்டில் செதுக்குவாள்; நான் அதில் மை பூசித் தாளில் அச்செடுப்பேன். வெள்ளித் தட்டார்களுக்கு வேண்டிய அலங்கார மாதிரிகள்தான் எங்கள் பிழைப்பு. சுருள் இலைகள், பூங்கொத்துகள், இடுப்புவரை குழந்தையாகவும் அதற்குக் கீழே இலையாகவும் சுருண்டுபோகும் உருவங்கள்.

எங்கள் மகன் வைட் அம்மை கண்டு இறந்தபோது அவனுக்கு மூன்று வயது. பனி இளகும்வரை அவள் உளியைத் தொடவில்லை. பிறகு ஹோல் என்ற தட்டார் ஞானஸ்நானக் கிண்ணத்துக்கு ஒரு மாதிரி கேட்டார். வரிசையாக ஐந்து இலைக் குழந்தைகள், எல்லோரும் பக்கவாட்டில் பார்த்தபடி. செதுக்கிக் கொடுத்தாள்.

முதல் தாளை உரித்தெடுத்தேன். நான்கு பிள்ளைகள் பக்கவாட்டில் பார்த்தார்கள். ஓரத்தில் இருந்தவன் நேராக என்னைப் பார்த்தான்.

ஹோல் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "என்னப்பா மெல்க்கியோர், இந்தப் பொடியன் திருடனைப் பாக்கிற மாதிரி என்னை முறைக்கிறான்?"

நான் சிரிக்கவில்லை. அவர் சிரிப்பும் அடங்கிவிட்டது.

"இதை மாத்தச் சொல்லுப்பா. தண்ணி தெளிக்கிற நேரத்துல கண்ணுல பட்டா பெத்தவ பயந்துடுவா."

யூதித்திடம் காட்டினேன். "நான் இப்படிச் செதுக்கவே இல்லை" என்றாள். தகட்டை ஜன்னலோரம் சாய்த்துப் பார்த்தோம். செம்பில் அவனும் பக்கவாட்டில்தான் இருந்தான்.

அந்த முகத்தைச் சுரண்டி, தகட்டைப் பின்னாலிருந்து தட்டிச் சமமாக்கி, புதிதாக ஒன்று செதுக்கினாள். அடுத்த தாளிலும் அவன் எங்களைப் பார்த்தான். இந்த முறை வாய் கொஞ்சம் திறந்திருந்தது.

"இதை உருக்கிடுறேன். வேற தகடு வாங்கிக்கலாம்" என்றேன்.

"உருக்குவியா? உனக்கு மனசு வருதா?" என்று கத்தினாள். தாளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "எந்திரிச்சு வரப் பாக்கிறான், மெல்க்கியோர். எப்படி வருவான்? இடுப்புக்குக் கீழ நான் இலையை வெச்சுட்டேனே."

"மாதிரியே அப்படித்தானே? கால் வெச்சா ஹோல் சிரிப்பாரு."

"சிரிச்சுட்டுப் போகட்டும்."

அவன் இடுப்புக்குக் கீழிருந்த இலையைச் சுரண்டிவிட்டுச் செதுக்க உட்கார்ந்தாள். கொழுத்த தொடைகள், முழங்காலில் சின்னக் குழிகள், உள்பக்கம் வளைந்த கால் கட்டைவிரல். வைட்டுக்கு அப்படித்தான் இருக்கும். அவள் அழவில்லை; அவனைக் குளிப்பாட்டும்போது பாடுகிற பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

மை பூசித் துடைத்தேன். ஈரத்தாளைப் பரப்பி அச்சுப்பொறியின் சக்கரத்தைச் சுழற்றினேன். இருவரும் சேர்ந்து தாளை உரித்தோம். நான்கு பிள்ளைகள். ஐந்தாவது இடத்தைச் சுற்றி இலைச்சுருள் மட்டும், நடுவில் வெற்றுத்தாள்.

யூதித் மூச்சுவிட்டாள். "இறங்கிட்டான்."

ஹோலுக்குப் பிடித்துப்போயிற்று. பிள்ளையின் பெயரைப் பொறிக்க வெற்றிடம் தோதாக இருக்கிறது என்றார்.

அந்தத் தகட்டில் மை துடைக்கும்போதெல்லாம் என் உள்ளங்கையில் அந்தச் சின்னக் கால்கள் தட்டுப்படுகின்றன. கோடுகளில் மை நிறைகிறது. தாளில் மட்டும் விழுவதில்லை.

யூதித் இப்போது சாப்பிடுகிறாள், நன்றாகத் தூங்குகிறாள். காலையில் அடுப்பில் கூழ் கிண்டும்போது, தலையைத் திருப்பாமலே, "ஓடாதடா, வழுக்கும்" என்கிறாள்.

நானும் திரும்பிப் பார்ப்பதில்லை.