ராடு நுழையாத மூலை

மண்டபக் கூரையைத் தாங்கும் ட்ரஸ் என்கிற குழாய்ச் சட்டத்தைச் சுத்தியலால் லேசாகத் தட்டினேன். வெள்ளிப் பெயின்ட்டோடு, அடியில் பூசியிருந்த பட்டிப் பசையும் பெயர்ந்து ஏணிக்குக் கீழே விழுந்தது. உள்ளே வெல்டிங்கே இல்லை. மூன்று குழாய்கள் கீழ்க் குழாயில் வந்து சேரும் இணைப்பு அது. நடுக்குழாயின் பின்பக்கம் வெறும் ஓட்டை. அடுத்ததைத் தட்டினேன், அதுவும் அப்படித்தான். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. இந்தக் கூரையின் கீழே பௌர்ணமிக்குக் கிரிவலம் வரும் ஜனங்கள் பந்தியில் உட்காரப் போகிறார்கள். இன்னும் மூன்றே நாள்.

ஏணியில் நின்றபடியே கத்தினேன். "சகாதேவன்! திருட்டுத்தனம் பண்ணியிருக்கீங்க. பட்டி வெச்சு மூடினா தெரியாதா?"

வேலையாட்கள் ஏழு பேர் திரும்பிப் பார்த்தார்கள். சகாதேவன் கீழ்பென்னாத்தூர்க்காரர், இருபது வருஷமாக வெல்டர். எதிர் ஏணியில் ஏறி வந்து, வெல்டிங் ராடு மாட்டிய ஹோல்டரை என் கையில் திணித்தார்.

"நீங்களே அடிங்க மேடம்."

ராடை உள்ளே விட்டேன். பக்கத்துக் குழாய் இடித்தது. சாய்த்துப் பார்த்தேன், வளைத்துப் பார்த்தேன். மூலைக்குள் அது போகவே இல்லை.

என் வரைபடம் அப்படி. மூன்று குழாய்களின் நடுக்கோடுகளும் ஒரே புள்ளியில் சேர வேண்டும் என்று கல்லூரியில் படித்ததை அப்படியே போட்டிருந்தேன். காகிதத்தில் கோட்டுக்குப் பருமன் கிடையாது. கீழ்க் குழாயைத் தடிமனாக்கி, மற்ற குழாய்களை இரண்டு விரல் தள்ளித் தள்ளி வைத்திருந்தால் எந்த வெல்டரும் சுற்றி வெல்டிங் அடித்திருப்பான். இது கூடத் தெரியாமல் எனக்கு ஒரு பட்டம்!

"மொத நாளே சொல்ல வந்தேன். படத்துல இருக்கறத மட்டும் செய்யுங்கன்னு வெரட்டிட்டீங்க."

"அதுக்காகப் பட்டி வெக்கறதா?"

"மொதலாளி வெக்கச் சொன்னாரு. வெச்சேன். அது என் தப்புதான்."

மண்டப முதலாளி அருணகிரி அதற்குள் வந்துவிட்டார். "ஏம்மா மணிமொழி, வெல்டர் சரியில்லன்னு எழுதிட்டுக் கையெழுத்து போடு. இவன அனுப்பிடறேன். கூரையப் பௌர்ணமி கழிச்சுப் பாத்துக்கலாம்."

ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அது நல்ல யோசனையாகப் பட்டது. அதை நினைத்தால் இப்போதும் என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

"இல்ல சார். எட்டு ட்ரஸ்ஸையும் இறக்கணும். சகாதேவன், அறுங்க."

"மாட்டேன்," என்றார் சகாதேவன். "ஏழு பேரு முன்னாடி திருட்டுத்தனம்னீங்க. அதே ஏழு பேரு கிட்ட, அதே கொரல்ல, யாரு தப்புன்னு சொல்லுங்க. அப்புறம் அறுக்கறேன்."

அவரே கைதட்டி எல்லோரையும் கூப்பிட்டார். நான் கீழே இறங்கினேன். "வரைபடத்துல..." என்று முணுமுணுப்பாக ஆரம்பித்தேன்.

"கேக்கல மேடம்," என்றார் சகாதேவன்.

ஏழு பேரும் நன்றாகக் கேட்பதற்காக நெருங்கி வந்தார்கள். வந்து நின்ற இடம், தகரம் ஏற்றியிருந்த முதல் ட்ரஸ்ஸுக்கு நேர் கீழே.

"அங்க நிக்காதீங்க! வெளிய வாங்க! நான் போட்ட படம் தப்பு, கூரை தாங்காது!"

என் குரல் அடி அண்ணாமலை ரோடு வரை கேட்டிருக்கும். ஏழு பேரும் வெயிலுக்கு ஓடினார்கள். அருணகிரி மட்டும் கூரைக்குக் கீழேயே நின்று, தலையைத் தூக்கி மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.