வாய்க்குள் நெருப்பு

எர்ரம்மா கஞ்சித் தட்டைக் காலால் தள்ளினாள். அது வாசற்படியைத் தாண்டி, மருமகள் போலம்மாவின் முன்னால் போய் நின்றது. கேழ்வரகுக் கஞ்சியில் கொஞ்சம் மணலும் தெறித்திருந்தது.

"பட்டணத்து டாக்டரம்மா வந்திருக்கா. எல்லாப் பொம்பளைங்க வாயையும் பாக்கணுமாம். நீ வரலேன்னா ஏன்னு கேப்பாங்க, வந்து காட்டிட்டுப் போ. ஆனா வாயத் தொறந்து ஒண்ணும் பேசாதே."

வாயைக் காட்ட வேண்டும், பேசக் கூடாது. அந்த மீனவக் குப்பத்து மருமகள்களுக்கு இது ஒன்றும் புதிதில்லை.

போலம்மாவின் புருஷன் நூகராஜு கடலுக்குப் போய்த் திரும்பாதவன். அன்று விடியற்காலையில் புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் சண்டை. "அந்தக் கடல்லயே கெடந்து தொலை" என்று வாசலில் நின்று அவள் கத்தியதை எர்ரம்மா கேட்டாள். கோபம் வந்தால் அங்கே எல்லாப் பெண்டாட்டிகளும் சொல்வதுதான். மற்ற புருஷர்கள் சாயங்காலம் திரும்பி வந்து சோறு கேட்பார்கள். இவன் மட்டும் வரவில்லை.

சில மாதங்களில் போலம்மாவின் மேல்வாயில் ஒரு புண் வந்தது. ஆறவில்லை. ஊருக்கு வேறென்ன வேண்டும்? புருஷனைச் சபித்த வாய், கடல் தெய்வம் கங்கம்மா பார்த்து வாயிலேயே கொடுத்துவிட்டாள் என்று முடிவு கட்டினார்கள். அவளுடைய பாய் வலைக் கொட்டகைக்குப் போனது. தட்டும் குவளையும் தனியாயின. மீன் சந்தையில் அவள் உட்கார்ந்தால் பக்கத்துக் கூடைகள் நகர்ந்தன. யாரும் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தாலாவது பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பாள்.

எல்லாவற்றையும்விடக் கொடுமை, ஊர் சொன்னதை அவளே நம்பியதுதான். புண்ணின் வலி வந்து வந்து போகும். தன் வாய்தான் அவனைக் கொன்றது என்ற நினைப்பு மட்டும் போகவே இல்லை. வலைகளுக்கு நடுவில் படுத்துக்கொண்டு அழுவாள். அழுகை ஓய்ந்ததும் ஒரு சுருட்டைப் பற்றவைப்பாள். அவளுக்கென்று மிச்சமிருந்த துணை அது ஒன்றுதான்.

அதைப் பற்றவைத்து, எரிகிற முனையை வாய்க்குள் வைத்து உதட்டை மூடிக்கொள்வாள். குப்பத்துப் பெண்கள் எல்லாரும் அப்படித்தான். ஆண்களுக்கு அந்தத் தொல்லை கிடையாது. நெருப்பை வெளியே வைத்து, புகையை ஊர் முழுக்க விட்டுக்கொண்டு நடக்கலாம். பெண்கள் பிடிப்பது பெரியவர்கள் கண்ணில் படக் கூடாது. மேலே முந்தானையையும் போட்டு மூடிக்கொண்டால் நெருப்பும் தெரியாது, புகையும் தெரியாது. கல்யாணமாகி வந்த மாசமே எர்ரம்மாதான் கற்றுக்கொடுத்தாள். "நெருப்ப உள்ள வெச்சுக்கோடி. மாமனார் கண்ணுல படாது. காத்துக்கும் அணையாது."

கரையில் படகுகளுக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சு போட்டிருந்தார்கள். டாக்டர் பத்மஜா சின்ன வயசுக்காரி. இந்தக் கரையோரத்துப் பெண்களுக்கு மட்டும் மேல்வாயில் ஏன் இத்தனை புற்று வருகிறது, யார் யாருக்கு வருகிறது என்று ஊர் ஊராக ஆராய்ந்து வருகிறாள். மற்றக் குப்பங்களில் பெண்களைத் தனியாக வைத்துப் பேசினாள். இங்கே போலம்மாவின் மாமனார் சூரய்யா ஊர்ப்பெரியவர். ஆண்கள் எல்லாரையும் சுற்றி உட்காரவைத்து, தானும் நடுவில் உட்கார்ந்துவிட்டார். எழுந்து போகச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

சுருட்டுப் பிடிக்கிற பழக்கம் உண்டா என்று ஒவ்வொருத்தியிடமும் கேட்டாள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு ஒவ்வொருத்தியும் தலையை ஆட்டினாள், இல்லையென்று. எர்ரம்மாவின் மேல்வாய் வெளுத்து, சிவப்புப் புள்ளிகளாக இருப்பதைப் பார்த்துவிட்டு மறுபடியும் கேட்டாள். எர்ரம்மா இன்னும் வேகமாகத் தலையை ஆட்டினாள்.

"எங்க பொம்பளைங்களுக்கு அந்தப் பழக்கமே கெடையாதும்மா. அதெல்லாம் மானம் மரியாதை இல்லாத வீட்ல" என்றார் சூரய்யா. அவர் விரலில் புகைந்துகொண்டிருந்த சுருட்டு காலையில் எர்ரம்மா சுற்றிக் கொடுத்தது.

எர்ரம்மா படகு மறைவுக்குப் போய்விட்டு வந்து, வாயை மூடியபடி பின்வரிசையில் நின்றுகொண்டாள்.

கடைசியாகப் போலம்மா வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். அவளும் இல்லையென்று தலையை ஆட்டிவிட்டு வாயைத் திறந்தாள். டாக்டர் டார்ச் அடித்து வெகுநேரம் பார்த்தாள்.

"இதே எடத்துல இதே மாதிரிப் புண்ணு நெறையப் பேருக்குப் பார்த்திருக்கேன். எல்லாரும் நெருப்ப உள்ள வெச்சுச் சுருட்டுப் பிடிக்கிறவங்க. அந்தச் சூடும் புகையிலையும்தான் காரணம். நீங்க பிடிக்கறதே இல்லேன்னா, இது எதனாலன்னு எனக்குச் சொல்லத் தெரியலம்மா."

"எங்களுக்குத் தெரியும்" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி. யாரோ சிரித்தார்கள்.

போலம்மா மனசுக்குள் கணக்குப் போட்டாள். சுருட்டு இல்லையென்றால் சாபம்தான். சுருட்டுதான் என்றால் நூகராஜுவை அவள் கொல்லவில்லை. பிடிப்பதைச் சொல்ல விடாமல் எதிரே மாமனார் உட்கார்ந்திருந்தார்.

"டாக்டரம்மா, நெறையப் பேருக்குன்னீங்களே... அவங்க புருஷனெல்லாம் உசுரோட இருக்காங்களா?"

டாக்டருக்குக் கேள்வி விளங்கவில்லை. "இருக்காங்களே. புருஷன் கூட்டிக்கிட்டு வந்தவங்களே எத்தனையோ பேரு."

போலம்மா அழுதாள். இத்தனை நாள் அழுததெல்லாம் வேறு, இது வேறு. பிறகு முந்தானையை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"நான் பிடிப்பேன். நெருப்ப உள்ள வெச்சுத்தான். கல்யாணமான மாசத்துலேருந்து."

சூரய்யா எழுந்துவிட்டார். "பொய் சொல்றா. எங்க வீட்ல எவளும் அதைத் தொட்டது கெடையாது. அதோ நிக்கறாளே மாமியாக்காரி, அவளையே கேளுங்க."

எல்லாரும் திரும்பினார்கள். எர்ரம்மா வாயைத் திறக்கவில்லை. இல்லை, இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினாள். ஆட்ட ஆட்ட அவள் மூக்கிலிருந்து மெல்லிசாகப் புகை வந்தது.

போலம்மா பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

"அத்தே, சீலை பத்திக்கப் போகுது. அதை எடுத்துப் போட்டுட்டு வந்து உக்காருங்க."

எர்ரம்மா அந்த இடத்தைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். முந்தானையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நெருப்போடு வீட்டைப் பார்த்து நடந்தாள். டாக்டர் கூப்பிட்டதற்குத் திரும்பவில்லை. மற்றவர்களும் ஒவ்வொருத்தியாக அவள் பின்னால் போனார்கள். ஒருத்தியும் வாயிலிருந்து துணியை எடுக்கவில்லை.

நாளைக்கு ஜீப்பில் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போகலாம், கூட யார் வருவார்கள் என்று டாக்டர் கேட்டாள். தனியாகவே வருவதாகச் சொன்னாள் போலம்மா. பெஞ்சில் அவள் விட்ட இடம் அப்படியே இருந்தது.