நாத்தனார் என்கிற மூன்றாம் நபர்

வேன் உருளத் தொடங்கியபோது கேக் அக்காவின் இரண்டு கைகளிலும் தட்டுகள் இருந்தன. தெருவே அவளைக் கேக் அக்கா என்றுதான் கூப்பிடும். மேட்டில் அவளுடைய கேக் கடை, அதற்கு மேலே வீடு. கடை வாசலிலிருந்து தெருவுக்கு ஒரு சரிவு. அந்தச் சரிவில் வேனை நிறுத்தி, தட்டுகளை அள்ளிக்கொண்டு உள்ளே போன அவசரத்தில் ஹேண்ட் பிரேக் போட மறந்துவிட்டாள்.

வேன் நல்ல பிள்ளையாக மெதுவாகத்தான் கிளம்பியது. அதன் கூரைக் கம்பி கடை முகப்பின் துணிக்கூரையில் மாட்ட, துணிக்கூரை பெயர்ந்து கூடவே வந்தது. அதன் சட்டத்தை ஒட்டி ஓடிய மின்சார ஒயரும் அறுந்தது. இவ்வளவு பரிவாரத்தோடும் வேன் தெருவைக் கடந்து எதிர்வீட்டுச் சுவரை இடித்துக்கொண்டு, பின்பக்கத்தைக் கூடத்துக்குள் நீட்டியபடி நின்றது.

எதிர்வீடு வேறு யாருடையதாக இருந்திருந்தாலும் கேக் அக்கா அவ்வளவு பயந்திருக்க மாட்டாள். அது நாத்தனாரின், அதாவது கணவருடைய அக்காவின், வீடு. நாத்தனார் தன் மகள் கல்யாணத்துக்கு வேறு கடையில் கேக் வாங்கியதிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. இப்போது பேசாமல் தீராது.

நாத்தனாருக்கு ஒரு கீறலும் இல்லை. தலையெல்லாம் சுண்ணாம்புத் தூளோடு ஓட்டைக்குள்ளிருந்து எட்டிப்பார்த்து, "கதவு அந்தப் பக்கம் இருக்கு" என்று மட்டும் சொன்னாள்.

கேக் அக்கா காப்பீட்டு அலுவலகத்துக்குப் போன் போட்டாள். பேசிய பெண் விவரங்களையெல்லாம் கேட்டுவிட்டு, "இதுல மூன்றாம் நபர் யாருங்க மேடம்?" என்றாள்.

"எங்க வீட்ல அப்படியெல்லாம் யாரும் இல்லைங்க!" பதறிவிட்டாள் கேக் அக்கா. "நானும் என் வீட்டுக்காரரும்தான்."

"அதைக் கேக்கலைங்க. இடிபட்ட வீடு யாரோடது?"

"நாத்தனாரோடது."

"அப்ப அவங்கதான் மூன்றாம் நபர்."

விஷயம் அத்தோடு நின்றிருக்கலாம். கணவர் நல்ல மனுஷர்தான், வாய்தான் சும்மா இருக்காது. தெருவைக் கடந்து போய், "கவலைப்படாதக்கா, நீ மூன்றாம் நபராம். உனக்கு முழுசா கிடைக்குமாம்" என்று சொல்லிவிட்டார்.

"மூணாம் நபரா?" நாத்தனாரின் குரல் மேட்டுக்கே கேட்டது. "உன்னை இடுப்புல தூக்கிச் சுமந்தவ நான். இவ வர்றதுக்கு முன்னாடி அந்த வீட்ல முதல் நபரே நான்தான்டா! கல்யாணத்துக்குக் கேக் வாங்கலேன்னு கம்பெனியில எழுதியே குடுத்துட்டாளா?"

சேதத்தை மதிப்பிடக் காப்பீட்டு நிறுவனத்தின் சர்வேயர் வந்து சேர்ந்தபோது, அவர் முதலில் சமாதானம் பேச வேண்டியிருந்தது சுவரைப் பற்றி அல்ல, மூன்றாம் நபரைப் பற்றி. ஆளுக்கு இளம் வயது, முதுகில் பை, எதையும் தொடுவதற்கு முன் படம் எடுக்கும் பழக்கம். கூடத்தில் பாதி வேன் இருந்ததால் மீதி இடத்தில் எல்லோரும் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள்.

"பாலிசி எடுத்தவங்க முதல் நபர்" என்றார் சர்வேயர். "கம்பெனி ரெண்டாம் நபர். மத்த உலகம் மொத்தமும் மூன்றாம் நபர்தாம்மா."

"உலகம் மொத்தமுமா?" நாத்தனாரின் முகம் கொஞ்சம் இளகியது. "சரி, மேல சொல்லுங்க."

நாத்தனாரின் சுவருக்கான செலவை வேனின் காப்பீடே கொடுத்துவிடும். நாத்தனாருக்கு வீட்டுக் காப்பீடும் இருந்தது. அப்படியானால் அதிலும் ஒரு தடவை வாங்கலாமா என்று அவள் கேட்டாள்.

"ஒரு சுவருக்கு ஒரு தடவைதாம்மா. பட்ட நஷ்டத்தை ஈடுகட்டத்தான் காப்பீடு. அதுல லாபம் பாக்க முடியாது."

வேனின் சேதத்துக்கும் காப்பு உண்டு. ஆனால் முதல் பங்கு கேக் அக்காவின் கைக்காசு. அதற்கு எக்ஸஸ் என்று பெயராம். பம்பருக்கு வயதாகிவிட்டதால் தேய்மானம் கழிப்பார்களாம்.

"மனுஷனுக்கும் தேய்மானம் கழிப்பீங்களா?" என்றார் கணவர்.

"கழிச்சா என்ன மிஞ்சும்?" என்று கேக் அக்காவும் நாத்தனாரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். சொன்ன வேகத்தில் இருவரும் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

கடைசியாகக் கடையின் பாலிசி. சர்வேயர் நிதானமாகப் படித்தார். "வண்டி மோதின சேதத்துக்குக் காப்பு இருக்கு மேடம். யார் வண்டி மோதினாலும் உண்டு, உங்க சொந்த வண்டியைத் தவிர. அது விலக்கு."

"அப்ப எதிர்வீட்டுச் சுவருக்கு உண்டு, என் கடைக்குக் கிடையாதா?"

"கிடையாது மேடம்."

"கடை மூடிக் கிடக்குற நஷ்டத்துக்கு?"

"அதுவும் அந்தச் சேதத்துக்குக் காப்பு இருந்தாத்தான் வரும்."

கேக் அக்கா மனதுக்குள் கணக்குப் போட்டாள். துணிக்கூரை போனது, மின்சாரம் போனது, குளிர்ப்பெட்டியில் க்ரீம் கேக்குகள் இந்நேரம் தளரத் தொடங்கியிருக்கும். கணவர் தொண்டையைக் கனைத்தார். அந்தக் கனைப்பு அவளுக்கு நன்றாகத் தெரியும். அவர் வாயிலிருந்து பொய் புறப்படப் போகிறது.

"சார், உண்மையில என்ன நடந்துச்சுன்னா, ஒரு லாரி வந்துச்சு. அதுதான் முதல்ல கடையில மோதி, அப்புறம் எங்க வேனையும்…"

கேக் அக்கா அவரைத் தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை. லாரி இன்னும் கொஞ்ச தூரம் ஓடட்டும் என்றுதான் ஒரு நொடி அவளுக்கும் தோன்றியது.

"எந்த லாரிடா?" என்றாள் நாத்தனார். "நான் பாத்துட்டுதானே இருந்தேன். ஒரு லாரியும் வரலை. இவ வந்தா, வண்டியை நிறுத்தினா, தட்டுகளைத் தூக்கினா, பிரேக்கை மறந்துட்டா. எப்பவும் அந்தத் தட்டுகளை ஒவ்வொண்ணாத்தான் எடுப்பா. இன்னிக்கு மொத்தமா அள்ளினப்பவே நினைச்சேன், ஏதோ அவசரம்னு."

"எப்பவும் பாப்பீங்களாம்மா?" என்றார் சர்வேயர்.

சுண்ணாம்புத் தூளுக்கு அடியில் நாத்தனாரின் முகம் சிவந்தது கேக் அக்காவுக்குத் தெரிந்தது. இத்தனை நாளும் சாத்திக் கிடந்த எதிர்வீட்டு ஜன்னலைத் தன் முகத்தில் அறைந்து சாத்தியதாகத்தான் கேக் அக்கா நினைத்திருந்தாள். அதன் இடுக்கு வழியாக ஒருத்தி, தான் தட்டு எடுக்கிற பழக்கம் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"அண்ணி சொல்றதுதான் சரி" என்றாள் கேக் அக்கா. "லாரியும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான்தான் பிரேக் போடலை. அப்படியே எழுதிக்கோங்க." அப்போதுதான் அவளால் முழுதாக மூச்சுவிட முடிந்தது. கணவர் கூரையைப் பார்த்தார்.

"உருகிட்டிருக்கிற கேக்கையெல்லாம் இங்க கொண்டு வா" என்றாள் நாத்தனார், யாரையும் பார்க்காமல். "என் ஃபிரிட்ஜ் காலியாத்தான் இருக்கு."

"இங்க வச்சா கடைச் சரக்குக்குக் காப்பு கிடையாதும்மா" என்று சர்வேயர் எச்சரித்தார். "கெட்டுப்போனா யாரும் பொறுப்பில்ல."

"கெட்டுப்போற வரைக்கும் எவ விட்டுவச்சா?" என்றாள் நாத்தனார்.

இரண்டு வீட்டுக்கும் நடுவில் தட்டுகள் போய்வந்தன. சுவர் இடிந்திருந்தது வசதியாகத்தான் இருந்தது. கதவைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியதில்லை. தளர்ந்துபோன கேக் ஒன்றைக் கரண்டியால் எடுத்துத் தின்ற நாத்தனார், "இது கல்யாணத்துக்கு வாங்கினதை விட நல்லாருக்கு" என்றாள். பிறகு, "அந்தக் கடையை முடிவு பண்ணினது மாப்பிள்ளை வீட்டுக்காரங்க. உன்கிட்ட வந்து சொல்றதுக்குத்தான் எனக்கு முகம் இல்லை" என்றாள். கேக் அக்கா இன்னொரு துண்டு எடுத்து வைத்தாள்.

நாத்தனாரின் சுவருக்குப் பணம் வந்தது. வேனும் பட்டறையிலிருந்து திரும்பியது. கடையின் சேதத்துக்கு மட்டும் ஒன்றும் வரவில்லை. புதுத் துணிக்கூரையைக் கேக் அக்கா சொந்தக் காசில்தான் போட வேண்டியிருந்தது. பச்சை நிறத்தில் ஒன்று பிடித்திருக்கிறது என்று துணி மாதிரியைத் தெருவிலிருந்தே தூக்கிக் காட்டினாள்.

"பச்சை வேண்டாம், மஞ்சள் போடு" என்று எதிர்வீட்டிலிருந்து குரல் வந்தது.

"கடை என்னுதுதானே அண்ணி?"

"கடை உன்னுது. ஆனா அதைத் தினமும் பாக்கப்போறவ நான்."

மாலை வரைக்கும் தெருவில் நின்று சண்டை போட்டார்கள். கடைசியில் மஞ்சளையே போட்டாள். நன்றாகத்தான் இருக்கிறது. அதை மட்டும் அவள் இன்னும் நாத்தனாரிடம் ஒப்புக்கொள்ளவில்லை.