கயிற்றின் கடைசி வளையம்

முதல் நாள் அந்தக் கயிற்றைப் பார்த்ததும் அவளுக்கு எரிச்சல்தான் வந்தது. தடித்த நூல்கயிறு. அதில் துணியால் தைத்த சின்னச் சின்ன வளையங்கள், வளையத்துக்கு ஒரு குழந்தை. முன்முனையில் டீச்சர், பின்முனையில் அவள். பூங்காவுக்குப் போவதென்றால் இப்படித்தான் போக வேண்டும் என்பது அந்தக் காப்பகத்தின் சட்டம். அன்று சாயங்காலமே தம்பிக்குப் போன் போட்டாள்.

"மாடு ஓட்டற மாதிரி ஓட்டறாங்கடா. மூணு வயசு, நாலு வயசுப் புள்ளைங்கள."

"நீ மாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"பின்னாடி."

"பாத்து நட. சாணி போடும்."

பள்ளி முடித்திருந்தாள். கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. ஒரு வருடம் தள்ளிச் சேர்ந்துகொள்ளலாம் என்று அவர்களே சொன்னதும், வெளிநாட்டில் குழந்தைகள் காப்பகத்தில் தொண்டு வேலைக்கு ஆள் எடுத்த ஒரு சங்கத்தில் பேர் கொடுத்துவிட்டாள். போக்குவரத்து, சாப்பாடு, படுக்க இடம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. சம்பளம் மட்டும் கிடையாது. அப்பா கிட்டங்கியில் மூட்டை தூக்குகிறவர். அம்மா கட்டட வேலையில் சித்தாள். இவளும் லீவு நாட்களில் அம்மாவோடு செங்கல் சுமந்தவள்தான். சம்பளமில்லாத வேலை என்று ஒன்று இருப்பதே அந்த வீட்டுக்குப் புதுச் செய்தி.

"ஊரான் புள்ளைக்கு மூக்குத் துடைக்க ஏரோப்ளேன் ஏறணுமா? நம்ம தெருவுல இல்லாத மூக்கா?" என்றார் அப்பா. ஆனாலும் பெட்டியைத் தானே தலையில் வைத்துக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை வந்தார். சக்கரம் வைத்த பெட்டி அது. உருட்டலாம் என்று யார் சொல்லியும் அவர் கேட்கவில்லை.

மூக்குத் துடைப்பதுதான் வேலை. அதோடு ஈரமான கால்சட்டை மாற்றுவது, குட்டி நாற்காலிகளை அடுக்குவது, சாயம் ஒட்டிய மேசையைச் சுரண்டுவது, ஒற்றைச் செருப்புக்கு ஜோடி தேடுவது. அந்த ஊர் மொழி மூன்று மாதத்தில் காதில் ஏறிவிட்டது, நாக்கில்தான் ஏற மறுத்தது. அவள் வாயைத் திறந்தால் குழந்தைகள் சிரிப்பார்கள். அவர்கள் பெயர்கள் அவள் வாயில் நுழையவில்லை. அதனால் அவளாகவே பெயர் வைத்துக்கொண்டாள். எங்கே நின்றாலும் குதித்துக்கொண்டே நிற்பவன் தவளை. காலையில் அம்மா விட்டுவிட்டுப் போனதும் ஊளையைத் தொடங்குபவன் சங்கு. நாலரை வயதில் எல்லாருக்கும் வேலை ஏவுகிற ஒரு சிறுமி இருந்தாள். அவளுக்கு மேஸ்திரி. பதிலுக்கு, அவள் சொல்லிக்கொடுத்த 'அக்கா' என்ற ஒரு சொல்லை அவர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

ஒருநாள் தவளை தன் சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொண்டிருந்தான். பொத்தான் துளைக்குள் போகாமல் நழுவியது. நாக்கைக் கடித்து, மூச்சை அடக்கி, நெற்றி நரம்பு புடைக்கத் திரும்பவும் நுழைத்தான். இவள் உதவப் போனாள். டீச்சர் கண்ணாலேயே தடுத்தார். இவள் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தாள். மூட்டையை முதுகுக்கு ஏற்றும் நொடியில் அப்பாவின் முகம் இப்படித்தான் இருக்கும். பொத்தான் உள்ளே போனது. அவன் யாரையும் பார்க்கவில்லை. அடுத்த பொத்தானுக்குக் கையைக் கொண்டுபோனான்.

டீச்சர் அதிகம் பேசாத மனுஷி. ஐம்பதைத் தாண்டியவர். கயிற்றோடு தெருவில் இறங்கிவிட்டால் பின்னால் திரும்பிப் பார்க்கவே மாட்டார். பெரிய சாலையைத் தாண்டுவதற்கு முன் மட்டும் நின்று, "எல்லாரும் இருக்கீங்களா?" என்று கேட்பார். முன்னாலிருந்து பின்னால் வரை ஒவ்வொரு குழந்தையாக "இருக்கேன்" என்று சொல்லி வரும். கடைசியில் இவளும் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் டீச்சரின் கால் தாரில் படும்.

அன்று பூங்காவிலிருந்து திரும்பும்போது வெயில் இல்லை, காற்றுமில்லை. பெரிய சாலை ஓரத்தில் ஒரு டயர் கடை. அதன் முன்னால் டீச்சர் நின்றார். வழக்கமாக நிற்கிற இடம் அது இல்லை.

"நெஞ்சு ஒரு மாதிரி இருக்கு," என்றார்.

அடுக்கி வைத்திருந்த டயர்மேல் உட்கார்ந்தார். முகம் சிமெண்டு நிறத்துக்குப் போயிருந்தது. இவள் ஓடிவருவதற்குள் சரிந்துவிட்டார். கயிற்றின் முன்முனை அவர் கையிலிருந்து கழன்று மண்ணில் விழுந்தது.

டயர் கடைக்காரர் கிரீஸ் கையோடு ஓடிவந்தார். ஆம்புலன்சைக் கூப்பிட்டதும் அவர்தான், அது வந்ததும் டீச்சரைத் தூக்கிவிட்டதும் அவர்தான். வண்டி அலறிக்கொண்டு போனது. பிள்ளைகள் சுவரோரம் வரிசையாக நின்றார்கள். சங்கு ஊளையிடவில்லை. தவளை குதிக்கவில்லை. பதினோரு கைகளும் வளையத்தில்தான் இருந்தன.

கடைக்காரரின் போனிலிருந்து காப்பகத்தைக் கூப்பிட்டாள். சமையல்கார அம்மா எடுத்தார்.

"நான் கைக்குழந்தைங்களோட ஒத்தையில மாட்டிட்டு இருக்கேன். கதவைத் தாண்ட முடியாது. நீயே கூட்டிட்டு வந்துடு கண்ணு. ரோட்டைத் தாண்டினா நேர் தெருதானே."

ரோட்டைத் தாண்டினால். லாரியும் பஸ்ஸும் இடைவெளியில்லாமல் போய்க்கொண்டிருந்தன. வெள்ளைக் கோடு போட்டிருந்தது, விளக்குக் கிடையாது. கயிற்றுக்கு இரண்டு முனை. ஆள் ஒருத்தி. முன்னால் நின்றால் வால் தெரியாது. பின்னால் நின்றால் தலை தானாக வண்டிக்குள் போய்விடும். இதில் ஒரு பிள்ளை பிசகினால், அதன் அம்மாவிடம் எந்த மொழியில் என்ன சொல்வது?

மூட்டைக்காரர் மகளுக்கு ஒரு வழிதான் தெரியும். ஒரு நடையில் போகாத சரக்கை இரண்டு நடையாக அடிப்பது.

"முன்னாடி இருக்கிற அஞ்சு பேர் மட்டும் வாங்க," என்றாள். "மத்தவங்க இந்த மாமா கடையில உக்காருங்க. அக்கா திரும்பி வந்து கூட்டிட்டுப் போறேன்."

ஒருவரும் அசையவில்லை. ஆறாவதாக நின்ற பிள்ளையின் கையைப் பிடித்து விரல்களைப் பிரித்தாள். ஒரு விரலைப் பிரித்தால் முன்பு பிரித்த விரல் போய் மூடிக்கொண்டது. இவ்வளவு பிடி இந்தப் பிஞ்சுக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

"அக்கா, என்ன பண்ற?" மேஸ்திரிதான்.

"ரெண்டு தடவையா போகலாம்."

"கயித்த வெட்டப் போறியா?"

"வெட்டல. பாதிப் பேர் கைய விடுங்க, அவ்ளோதான்."

"ரோட்டுல கைய விடக் கூடாது," என்றாள் மேஸ்திரி. வேலைக்கு வந்த முதல் நாளே கலவையைக் கொட்டிவிட்ட ஆளிடம் பேசுகிற குரல்.

டயர் கடைக்காரர் பின்முனையைக் கையில் எடுத்தார். "நான் பிடிச்சுக்கறேன்மா, நீ நட." கடைசியில் நின்ற சங்கு கயிற்றை வெடுக்கென்று தன் பக்கம் இழுத்தான்.

"நீங்க எங்க ஆள் இல்ல."

"அது சரி," என்றார் கடைக்காரர். "என் வீட்டுலயும் அதத்தான் சொல்றாங்க. நான் போய் வண்டிய நிறுத்தறேன், அதையாவது செய்ய விடுங்க."

அவர் கையை விரித்துக்கொண்டு சாலைக்குள் இறங்கினார்.

அப்போதுதான் மேஸ்திரி நகர்ந்தாள். அவள் இடம் வரிசையின் நடுவில். அங்கிருந்து பின்னால் போனாள், கயிற்றை விடாமல். ஒரு கையை எடுக்கும்போது மறுகை பிடித்திருந்தது. அடுத்த பிள்ளையின் கையைத் தாண்டி ஒரு பிடி, அதற்கடுத்து ஒரு பிடி. சாரத்தில் பக்கவாட்டில் நகர்கிற கொத்தனார் இப்படித்தான் கை மாற்றிக் கை மாற்றிப் போவார். யாரும் அவளுக்கு இதைச் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது. கடைசி வளையம் பெரியவர்கள் கைக்குத் தைத்தது. அவள் கைக்கு அது தொளதொளத்தது. முழங்கை வரை உள்ளே விட்டு, துணியை ஒரு முறுக்கு முறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"நீ முன்னாடி போ, அக்கா."

"நீ அங்க எப்படி..."

"போ. திரும்பிப் பாக்காத. டீச்சர் பாக்க மாட்டாங்க."

முன்முனையை மண்ணிலிருந்து எடுத்தாள். அது இன்னும் ஈரமாக இருந்தது. டீச்சரின் வேர்வை. வெள்ளைக் கோட்டின் விளிம்பில் போய் நின்றாள்.

"எல்லாரும் இருக்கீங்களா?"

"அப்படிச் சொல்லக் கூடாது," என்று பின்னாலிருந்து ஒரு குரல் அவள் உச்சரிப்பைத் திருத்தியது. யாரோ கிக்கென்று சிரித்தார்கள். திருத்திச் சொன்னாள். பிறகு வந்தது.

"இருக்கேன்."

"இருக்கேன்."

மூக்கடைத்த குரல், கீச்சுக் குரல், காற்று மட்டுமே வந்த ஒரு குரல். கயிறு எவ்வளவு நீளமோ அவ்வளவு தூரத்துக்குக் குரல் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில், "இருக்கேன். நடக்கலாம்."

கால் வைத்தாள். கடைக்காரர் நிறுத்திய பஸ் பெருமூச்சு விட்டுக்கொண்டு நின்றது. எதிர்ப்பக்கம் ஒரு மண் லாரி. திரும்பிப் பார்க்க வேண்டும் என்று கழுத்து துடித்தது. பார்க்கவில்லை. கயிறு மட்டும் கையில் பேசியது. சின்ன இழுப்பு, சின்னத் தளர்வு. பதினோரு நடையும் அதில் தெரிந்தது. அவர்கள் பாதிச் சாலையை எட்டியிருந்தார்கள்.

சட்டென்று கயிறு கல்லாக நின்றது.

திரும்பினாள். தவளை விழுந்திருந்தான். முழங்கால் தாரில் தேய்ந்திருந்தது, ஒரு செருப்பு தனியாகக் கிடந்தது. லாரி அவன் தலைக்கு நேர் மேலே உறுமிக்கொண்டிருந்தது. கயிற்றைப் போட்டுவிட்டு ஓடி அவனை வாரித் தூக்க உடம்பு முழுக்கக் கிளம்பியது. கயிற்றைப் போட்டால் மற்றப் பத்தும் என்னாகும்? கை விடவில்லை. கால் போகவில்லை. அப்படியே நின்றாள்.

பிள்ளைகள் அப்படி நிற்கவில்லை. அவனுக்கு முன்னால் இருந்தவள் உட்கார்ந்தாள். பின்னால் இருந்தவன் உட்கார்ந்தான். அவர்கள் உட்கார்ந்ததும், மற்றவர்கள் கயிறு இறுகாமல் இருக்க ஓரடி ஓரடி நெருங்கி வந்தார்கள். எல்லாருடைய ஒரு கையும் வளையத்தில். இரண்டு பேரும் மறுகையைத் தவளையின் இரண்டு அக்குளுக்கும் கொடுத்தார்கள். தவளையும் தன் வளையத்தை விட்டிருக்கவில்லை. விழும்போதும் விடவில்லை. மூன்று பேரும் சேர்ந்து முனகிக்கொண்டு எழுந்தார்கள்.

அப்பாவின் கூட்டம் ஒரு முறை கருங்கல் பலகை ஒன்றை எட்டுப் பேராகத் தூக்கிப் போனதை அவள் பார்த்திருக்கிறாள். நடுவில் ஒருவருக்குக் கால் இடறியது. மற்ற ஏழு பேரும் வாய் திறக்கவில்லை. அவர் பங்கையும் தங்கள் தோளில் வாங்கி, அவர் கால் ஊன்றுகிறவரை நின்றார்கள். ஆயுள் முழுக்கச் சேர்ந்து சுமந்தவர்களுக்கே வருகிற வித்தை அது என்று நினைத்திருந்தாள். இங்கே பால் பல் இன்னும் விழாத கூட்டம்.

லாரி டிரைவர் என்ஜினை அணைத்தார். பஸ்ஸும் அணைந்தது. அவ்வளவு பெரிய சாலையில் இப்போது செருப்புச் சத்தம்கூடக் கேட்கும் போலிருந்தது. யாரும் கேட்காமலேயே முன்னாலிருந்து தொடங்கியது.

"இருக்கேன்."

"இருக்கேன்."

தவளை முறை வந்தது. உதடு கோணியது, அழுகை முட்டியது. "இருக்கேன்," என்றான். "செருப்புதான் இல்ல."

வால்பக்கத்திலிருந்து வந்தது: "இருக்கேன். நட."

அவள் நடந்தாள். மேலெல்லாம் மயிர்க்கூச்செறிந்து, கண்ணில் நீர் நிறைந்து, எதிரே இருந்த நடைபாதை மங்கலாகத் தெரிந்தது. தான் அழைத்துப் போகவில்லை, தன்னை யாரோ தள்ளிக்கொண்டு போகிறார்கள் என்று தோன்றியது. லாரி டிரைவர் இறங்கி வந்து செருப்பை எடுத்துக் கடைக்காரரிடம் கொடுத்தார். கடைக்காரர் அதைத் தவளையின் சட்டைப்பைக்குள் செருகினார். கயிற்றை அவர் தொடவில்லை.

காப்பக வாசலில் சமையல்கார அம்மா இடுப்பில் ஒரு குழந்தையோடு, எட்டி எட்டித் தலைகளை எண்ணினார். கதவு மூடியதும் அவள் "விடலாம்" என்றாள். அதற்குப் பிறகு அங்கே இருந்தது வழக்கமான சந்தை. ஒரு பொம்மைக்கு இரண்டு பேர் அடித்துக்கொண்டார்கள். சங்கு சாவகாசமாகத் தன் ஊளையைத் தொடங்கினான். ஒரு பயலுக்கும் தான் என்ன செய்துவிட்டு வந்தோம் என்று தெரியவில்லை.

மேஸ்திரி மட்டும் சுவரோரம் கால்களை ஒட்டிக்கொண்டு நின்றாள். கிட்டே போனதும் வாடை வந்தது. கால்சட்டை, காலுறை, செருப்பு எல்லாம் நனைந்து, பாதி காய்ந்தும் இருந்தது.

"எப்ப ஆச்சு?"

"டீச்சர் விழுந்தப்ப."

அப்படியானால் இதோடுதான் பின்னால் போயிருக்கிறாள். இதோடுதான் சாலை நடுவில் நின்று 'நட' என்றிருக்கிறாள்.

குழாயடியில் அவளை நிறுத்தி, முட்டி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு காலாகக் கழுவினாள். உள்ளங்கையில் அடங்குகிற பாதம்.

"தண்ணி ஜில்லுனு இருக்கு. சுடுதண்ணி எடுத்துட்டு வரத் தெரியாதா?"

"மன்னிச்சுக்க."

"டீச்சர் செத்துட்டாங்களா?"

"தெரியல," என்றாள் அவள். பொய் சொல்ல வாய் வரவில்லை, இந்தச் சிறுமியிடம்.

சோப்பு நுரை முழுவதும் போவதற்குள் சமையல்கார அம்மா போனோடு வந்து கதவில் சாய்ந்தார். "கண்ணு முழிச்சுட்டாங்களாம். ஊசி போட்டிருக்காங்க. பேசக் கூடாதாம். ஆனா வாய மூடினாத்தானே? பிள்ளைங்க எல்லாம் வந்தாச்சான்னு அதையே கேட்டுட்டு இருக்காங்களாம்."

"வந்தாச்சுன்னு சொல்லுங்க," என்றாள் மேஸ்திரி, இவள் வாயைத் திறப்பதற்கு முன்னால்.

துண்டால் துடைத்துவிட்டாள். சிறுமி தன் வலது முழங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். துணி முறுக்கியிருந்த இடம் சுற்றிலும் சிவந்து, ஒரு ஓரத்தில் தோல் உரிந்திருந்தது.

"நாளைக்கும் டீச்சர் வர மாட்டாங்க இல்ல?"

"வர மாட்டாங்க."

"அப்ப பின்னாடி நீயே பிடிச்சுக்க, அக்கா," என்றாள். "எனக்குக் கை வலிக்குது."