ஹிசாயோவின் மூன்றாவது பீப்

டாலஸுக்கு வந்த முதல் வருடமே டார்லீன் தன் ஊர்ப் பேச்சை மூட்டை கட்டி வைத்துவிட்டாள். மேற்கு டெக்சாஸ் பருத்திக்காட்டு இழுவையோடு வாயைத் திறந்தால், வாய்ப்புத் தேடிப் போன இடமெல்லாம் சிரித்தார்கள். ஜப்பானிய அனிமேத் தொடர்களுக்கு ஆங்கிலக் குரல் கொடுக்கும் ஸ்டூடியோவில் இதுவரை அவளுக்குக் கிடைத்ததெல்லாம் கூட்டத்தோடு கூட்டமாகக் கத்துகிற வேலைதான்.

இந்த முறை பெயருள்ள பாத்திரம். ஒசாக்காச் சந்தையில் மீன் விற்கும் ஹிசாயோ. ஜப்பானில் தனி வட்டாரப் பேச்சுள்ள ஒசாக்காக்காரர் திரையில் வந்தால் டெக்சாஸ் பட்டிக்காட்டுப் பேச்சைக் கொடுப்பது இந்தத் தொழிலில் பழைய வழக்கம், பெரும்பாலும் சிரிப்புக்காக. வசனம் எழுதி இயக்குகிற கிரெக்கும் அப்படித்தான் எழுதியிருந்தான்.

"இன்னும் இழு டார்லீன். மூக்கால பேசு. பாக்கறவன் விழுந்து விழுந்து சிரிக்கணும்."

டார்லீனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் அம்மா ஊரில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். இதே இழுவையில் ஒரு சொல் சொன்னால் போதும், எப்பேர்ப்பட்ட வால் பையனும் நிமிர்ந்து உட்காருவான். அதில் சிரிக்க என்ன இருக்கிறது?

"ஒரே ஒரு தடவை என் இஷ்டத்துக்குப் பேசறேன், கிரெக்."

"வாயசைவு பொருந்தலைன்னா இந்த வேஷம் வேற ஆளுக்குப் போயிரும். அப்புறம் என்மேல வருத்தப்படாத."

திரையில், கடையை இடிக்க வந்த பணக்காரன் எதிரே ஹிசாயோ கைகட்டி நின்றாள். எப்போது பேசத் தொடங்க வேண்டும் என்று எண்ணிக்காட்டும் மூன்று பீப் டார்லீனின் காதில் ஒலித்தது. நான்காவது ஒலிக்க வேண்டிய நொடியில் அவள், எழுதியிருந்ததை விட்டுவிட்டு, அம்மாவின் குரலில் நிதானமாகப் பேசினாள்.

"எங்க அம்மை நின்ன எடம்லா இது. நானும் இங்கனதான் நிப்பேன். மீன் வேணும்னா வாங்கும். இல்லைன்னா வழிய விடும்."

ஹிசாயோவின் வாயும் டார்லீனின் வாயும் ஒன்றாக மூடின.

ஒலிப்பதிவு அறையின் கண்ணாடிக்கு அப்பால் கிரெக் அதைத் திரும்பப் போட்டுக் கேட்டான். சிரிக்கவில்லை.

"இடிக்க வந்தவன் நானா இருந்தா அப்பவே ஓடியிருப்பேன்," என்றான். "இதுதான் ஹிசாயோ. முதல் காட்சியிலேருந்து எல்லாத்தையும் மாத்தி எழுதறேன். ஆமா, இந்தப் பேச்ச எங்க போய்க் கத்துக்கிட்ட?"

டார்லீன் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு வெளியே வந்தாள். நெஞ்சு நிறையப் பெருமையாக இருந்தது. நகரத்துப் பேச்சுக்கு அவள் திரும்பவில்லை.

"எங்கயும் போய்க் கத்துக்கிடல. எங்க ஊர்ல இப்படித்தான் பேசுவோம். எங்க அம்மை பேசுதத நீரு இன்னும் கேக்கலல்லா?"

கிரெக் தன்னையறியாமல் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான்.