மேற்கு வாசல் காவல்

எங்கள் ஊரில் வீட்டுக்கு ஓர் ஆள் காவலுக்கு நிற்க வேண்டும் என்று ராணுவம் சொல்லிவிட்டது. துப்பாக்கியையும் அவர்களே கொடுத்தார்கள். என் கணவர் மோ ஹெய்னுக்கு ஊரின் மேற்கு வாசல். எள் விதைக்கிறவர். கோழி அறுக்கக்கூட என்னைத்தான் கூப்பிடுவார்.

ஓடைக்கு அந்தப் பக்கம் ராணுவத்தோடு சண்டை போடுகிற எதிர்ப்புப் படை. அதில் என் அண்ணன் சிட் பாய்ங். நடுவில் எங்கள் எள் வயல்தான்.

"உங்க அண்ணன் எதிர வந்து நின்னா நான் என்ன பண்றது?" ராத்திரி பகல் இதே கேள்வி.

"சுடாதீங்க."

"நான் சுடலேன்னா தேய்ன் போ என்னைச் சுடுவான்."

தேய்ன் போதான் காவல்படைத் தலைவர். ஓடிப்போகிறவன் வீட்டைக் கொளுத்துவேன் என்று மடத்து முற்றத்தில் எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தார்.

எனக்கு நிறைமாதம். "மூங்கில் வீடுதானே, கொளுத்தட்டும். பிள்ளைய அண்ணன் பக்கம் போய்ப் பெத்துக்கறேன், வாங்க," என்றேன்.

மறுநாள் காலை மாட்டு வண்டியில் படுத்து, வலி வந்தவள்போல் அலறினேன். துப்பாக்கி வைக்கோலுக்கு அடியில். மேற்கு வாசலில் அப்போது காவலுக்கு நின்றவர் பக்கத்து வீட்டு ஞோ துன் அண்ணன்.

"மருத்துவச்சி கிழக்கால இருக்கா. நீங்க மேக்க எங்க போறீங்க?"

என் அலறல் அப்படியே நின்றுபோனது. அவர் என்னைப் பார்த்தார், வைக்கோலைப் பார்த்தார்.

"ஏன் நிறுத்திட்ட தங்கச்சி? நல்லாக் கத்து. தலைவருக்குக் கேக்க வேணாமா?" என்று தடுப்பு மூங்கிலைத் தூக்கிவிட்டார்.

அக்கரையில் என் கணவரின் கைகளைக் கட்டினார்கள். கட்டச் சொன்னதே என் அண்ணன்தான்.

"உறவெல்லாம் அப்புறம் மச்சான். பதுங்குகுழி எங்க இருக்கு, சொல்லு."

"சொன்னா அதைத் தாக்குவீங்க. அங்க ஞோ துன் நிக்கிறாரு. எங்கள விட்டதே அவருதான்."

"அவன் கையில ராணுவத்துத் துப்பாக்கி."

"என் கையிலயும்தான் இருந்துச்சு."

அண்ணன் பதில் சொல்வதற்குள் எங்கள் ஊர்ப் பக்கம் புகை எழுந்தது. எந்த வீடு என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. அண்ணனே வந்து கயிற்றை அவிழ்த்தார்.

"ஒரு ஒலிபெருக்கி குடு," என்றார் என் கணவர். "மத்தியானக் காவல்ல நிக்கிறது பூரா என்னை மாதிரிதான். பேர் சொல்லிக் கூப்பிட்டா வந்துடுவாங்க."

மறுநாள் வெயிலில் ஓடைக்கரையில் படுத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். முதலில் ஒன்றும் அசையவில்லை. பிறகு எள் செடிகள் ஆடின. கைகளைத் தூக்கியபடி ஆட்கள் குனிந்து ஓடி வந்தார்கள். பின்னாலிருந்து வெடிச்சத்தம். ஒருவருக்குத் தோளில் பட்டது, பிழைத்துக்கொண்டார்.

"ஞோ துன் அண்ணே! வாங்கண்ணே!" குரல் உடையும்வரை கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

தோளில் அடிபட்டவர்தான் என் கணவரின் கையைப் பிடித்து நிறுத்தினார். "போதும்ப்பா. நீங்க போன அன்னைக்கே அவர ராணுவ வண்டியில ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்க."

இவர் ஒலிபெருக்கியைக் கீழே வைத்தார்.

அந்த வாரமே எனக்கு மகள் பிறந்தாள், தார்ப்பாய்க்கு அடியில். அண்ணன் தூக்கிப் பார்த்துவிட்டு, "அலறுறதுல உன்னை மாதிரியே," என்றார். நான் சிரித்தேன். இவர் அங்கே இல்லை. நகரத்துப் பாதையில் யாரோ வருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஞோ துன் அண்ணனைப் பற்றி விசாரிக்கப் போயிருந்தார்.

இப்போதும் போகிறார். சிறையில் பார்த்தேன் என்றோ, புதைத்தார்கள் என்றோ, யாரும் இதுவரை சொல்லவில்லை.